இலக்கத்துக்கு அஞ்சோம், உரிமையை விடோம்

சந்தியிலே ஒரு சிறிய அரைக்கும் ஆலை. மிளகாயும் மல்லியும் அரிசியும் அரைத்துக் கொடுப்பதே தொழில். வீட்டுக் கோடிப்புறத்திலே தொடங்கிய வேலை வளர்ந்து வாடகைக் கட்டடமொன்றுக்கு வந்திருக்கிறது. உரிமையாளர் வங்கிக்குச் சென்று தொழிலின் பெயரில் நடைமுறைக் கணக்கொன்று திறக்க வேண்டும் என்கிறார். பிரதேச செயலகத்திலே பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழை மேசைமேல் வைக்கிறார். தேசிய அடையாள அட்டையையும் வைக்கிறார். "வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எங்கே?" என்ற கேள்வி வருகிறது. சான்றிதழையும் அட்டையையும் மடித்தெடுத்துக்கொண்டு அவர் வீடு திரும்புகிறார். மறுநாள் அவர் வங்கிப் பக்கம் போவதில்லை. "இலக்கம் எடுத்தால் வரி வரும், வரி வந்தால் வழக்கு வரும், இருப்பதும் போய்விடும்" என்று அயலவர் ஒருவர் சொன்ன சொல்லே அவருக்குச் சட்டமாகிவிடுகிறது.

இது ஒரு சந்தியின் கதை மாத்திரமன்று. வடக்கிலும் கிழக்கிலும் புதிதாகத் தொழில் தொடங்கும் தையற்காரர், பாற்பண்ணையாளர், பனம்பொருள் செய்வோர், வாகனத் திருத்தகம் வைத்திருப்போர், வெங்காயமும் புகையிலையும் வாங்கி விற்போர் ஆகியோரிடையே இவ்வச்சம் பரவி நிற்பதை நாம் அறிவோம். மக்கள் வாயிலே 'ரின் நம்பர்' எனச் சுருங்கி வழங்கும் இவ்விலக்கத்தைப் பற்றி இன்று தெளிவாகப் பேசவேண்டிய கடமை எமக்குண்டு. மக்களுக்குக் கூறவேண்டியதும் உண்டு. அரசாங்கத்துக்குக் கூறவேண்டியதும் உண்டு. ஒன்றைக் கூறி மற்றதை விடுத்தால் அது அரைகுறை நேர்மையாகும்.

சட்டம் கூறுவது என்ன?

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ், 2023 மே 31இல் வெளியான அதிவிசேட வர்த்தமானி, பதிவு செய்ய வேண்டியோரின் பட்டியலொன்றைத் தந்தது. வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணி முதலிய உத்தியோகத் தரத்தினரோடு, பிரதேச செயலகங்களிலே பதிவு செய்து வியாபாரம் நடத்துவோரும் அப்பட்டியலில் அடங்கினர். 2024 ஜனவரி 1 தொடக்கம், வருமானம் எவ்வளவாயினும், 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் பதிவு செய்தல் வேண்டும் என்றாயிற்று. நடைமுறைக் கணக்குத் திறத்தல், கட்டட வரைபடத்துக்கு அங்கீகாரம் பெறுதல், வாகனப் பதிவு, காணிப் பதிவு ஆகியவற்றுக்கு இலக்கம் காட்டவேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது. அவற்றுட் சிலவற்றுக்குக் குறித்த நாள் பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. பதியாதவருக்கு ஐம்பதாயிரம் ரூபா தண்டம் என்ற செய்தி மட்டும் எல்லோர் செவியிலும் விழுந்தது. பதிவதனால் என்ன ஆகும், என்ன ஆகாது என்ற விளக்கமோ ஊர்களுக்கு வந்து சேரவில்லை. அச்சத்தை முதலில் அனுப்பி, அறிவைப் பின்னர் அனுப்புவது நல்லாட்சியின் முறையன்று.

ஆகவே அவ்விளக்கத்தை நாம் கூறுவோம். இலக்கம் வேறு, வரி வேறு. பிறப்புச் சான்றிதழ் பெற்ற குழந்தை மறுநாளே பள்ளிக்குச் செல்லவேண்டும் என்பதில்லை. அதுபோலவே ஒன்பது இலக்கங்கொண்ட எண்ணொன்று ஒருவருடைய பெயரில் வழங்கப்பட்டதனால் மாத்திரம் அவர் ஒரு சதமேனும் வரி கொடுக்கவேண்டியவர் ஆகிவிடமாட்டார். வரி எழுவது வருமானத்தினால், இலக்கத்தினால் அன்று. இலக்கம் இல்லை என்பதனால் வரி இல்லாமற் போவதுமில்லை. எல்லைக்கு மேல் வருமானம் பெறுபவர் பதியாமல் இருந்தாலும் வரிக்கு உரியவரே. பதியாத குற்றமும் அவரைச் சேரும்.

கணக்கைப் பார்ப்போம்

2025 ஏப்ரல் 1 தொடக்கம் தனியாள் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூபா 18 இலட்சம் வரையான வருமானம் வரியின்றி விடப்பட்டது. வருமானம் என்பது விற்பனைத் தொகையன்று. இவ்வொரு பிழையினாலேயே எம்மவர் பலர் நடுங்குகின்றனர். மேலே கூறிய ஆலைக்காரர் ஓராண்டில் 48 இலட்சம் ரூபாவுக்கு வியாபாரம் செய்தார் எனக் கொள்வோம். மிளகாயும் மல்லியும் வாங்கிய விலை, மின்சாரக் கட்டணம், கட்டட வாடகை, வேலையாள் கூலி, பொதி செய்யும் பைகள், ஏற்றுகூலி, இயந்திரத் தேய்மானத்துக்கெனச் சட்டம் விடும் தொகை யாவும் சேர்ந்து 32 இலட்சம் ஆயின. மிஞ்சியது 16 இலட்சம். அவருக்கு வேறு வருமானம் இல்லையேல் செலுத்தவேண்டிய வருமான வரி எதுவும் இல்லை.

அடுத்த ஆண்டிலே தொழில் பெருகி மிச்சம் 20 இலட்சம் ஆகிறது என்க. 18 இலட்சத்தைக் கழித்தால் வரிக்குரியது 2 இலட்சம். வரிக்குரிய முதற் பத்து இலட்சத்துக்கு வீதம் ஆறு. ஆண்டுக்கு 12,000 ரூபா, மாதத்துக்கு ஆயிரம். மிச்சம் 30 இலட்சமாக உயர்ந்தால் வரிக்குரியது 12 இலட்சம். முதற் பத்து இலட்சத்துக்கு 60,000, அடுத்த இரண்டு இலட்சத்துக்கு நூற்றுக்குப் பதினெட்டு வீதம் 36,000, ஆக 96,000 ரூபா. இது சிறு தொகை என்று நாம் கூறவில்லை. ஆனால் ஊர் வதந்தி உருவாக்கிய பூதத்தின் உருவமும் இக்கணக்கின் உருவமும் ஒன்றல்ல என்பதை எவரும் காணலாம்.

இக்கணக்கை மெய்ப்பிப்பது எது? கையெழுத்துக் கொப்பி ஒன்றும், பற்றுச்சீட்டுகள் போட்டுவைத்த பெட்டி ஒன்றுமே. வாங்கியதையும் விற்றதையும் அன்றன்று எழுதிவைப்பவரிடம் எந்த உத்தியோகத்தரும் மனம்போன போக்கில் மதிப்பிட முடியாது. எழுதாதவரோ பிறர் மதிப்பிடும் தொகைக்கு ஆளாவார். குடும்பச் செலவு தொழிற் செலவாகாது. கடைப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு எடுத்த பணத்தை வேறாகக் குறித்துவைத்தல் வேண்டும்.

அச்சத்தின் வேர்

எம்மக்கள் காரணமின்றி அஞ்சுபவரல்லர். பதிவு என்ற சொல்லுக்கு இத்தீவிலே நீண்டதொரு வரலாறு உண்டு. 1848இலே ஆளுநர் ரொறிங்ரன் பிரபுவின் ஆட்சி நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி எனப் புதிது புதிதாக விதித்தது. ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய், அன்றேற் பணம் கொடு என்றும் கட்டளையிட்டது. வரிக்கு முன்னோடியாக வந்தது பதிவே. அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் குடிமக்கள் கிளர்ந்தெழுந்தனர். வருமான வரி 1932இலேதான் இந்நாட்டுக்கு வந்தது. அது நெடுங்காலம் பெருந்தோட்ட முதலாளிகளையும் பெரும் உத்தியோகத்தரையும் பற்றிய விடயமாகவே இருந்தது. கமக்காரனும் சிறு கடைக்காரனும் அதனை அறிந்தாரல்லர்.

பின்னர் வந்த போர்க்காலத்தை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரே மூடைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கைகளுக்குக் கொடுத்தவர்கள் எம் வியாபாரிகள். பெயரையும் விலாசத்தையும் குடும்பத்து ஆட்களின் தொகையையும் பலர் பலமுறை எழுதிச் சென்ற வீடுகள் எம் வீடுகள். எழுதிச் சென்றவர் எதற்காக எழுதினார் என்று கேட்கும் துணிவு அக்காலத்தில் எவருக்கும் இருந்ததில்லை. அப்படிப்பட்ட மக்களிடம் போய், 'உன் பெயரைப் பதி' என்று மாத்திரம் சொன்னால் அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வதில் வியப்பென்ன? இதனை அறியாமை என்று இகழ்வது எளிது. அனுபவம் என்று உணர்ந்து மதிப்பதே ஆட்சியாளரின் கடன்.

எனினும் அச்சத்தின் காரணம் நியாயமானது என்பதனால் அதன் விளைவும் நன்மையானது என்று கொள்ளுதல் கூடாது. கதவைச் சாத்துபவர் தம்மையே இருட்டில் வைக்கிறார்.

இலக்கம் இல்லாதவர் இழப்பது

நடைமுறைக் கணக்கு இல்லாத தொழிலுக்குக் காசோலை இல்லை. வருமானத்துக்கு எழுத்துச் சான்று இல்லாதவருக்கு வங்கிக் கடன் எளிதில் இல்லை. கடன் இல்லாதவர் எங்கே போவார்? அடைவு கடைக்கும், கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரரிடமும் போவார். வருமான வரிக்கு அஞ்சி ஓடியவர், அதனிலும் பன்மடங்கு வட்டியை ஆண்டு முழுவதும் கட்டிக்கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

இன்னொன்று. தனியாக நின்று சேவை புரியும் ஒருவருக்கு மாதம் ஓரிலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கட்டணம் கொடுக்கப்படுமிடத்து, 2023 தொடக்கம் நூற்றுக்கு ஐந்து பிடித்துவைக்கும் முறை வந்தது. வைப்புப் பணத்தின் வட்டியிலே பிடிக்கப்படும் வீதம் 2025 ஏப்ரலில் ஐந்திலிருந்து பத்தாக உயர்ந்தது. வருமானம் எல்லைக்குட்பட்டவர், தம் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து வட்டிப் பிடிப்பைத் தவிர்க்க வழி செய்யப்பட்டது. பிடித்த வரியைத் தம் கணக்கில் வரவுவைக்க வேண்டுமென்றாலும், கூடுதலாகப் பிடித்ததை மீளக் கேட்க வேண்டுமென்றாலும் இலக்கம் வேண்டும். இலக்கம் இல்லாதவரின் பணம் திறைசேரியிலேயே கிடந்துவிடும். ஏழை கொடுக்கத் தேவையில்லாத வரியைக் கொடுப்பதற்கு அவருடைய அச்சமே காரணமாகின்றது.

கமக்காரர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியதும் ஒன்றுண்டு. பயிர்ச்செய்கை வருமானத்துக்கு 2019இலே அளிக்கப்பட்ட ஐந்தாண்டு விலக்கின் காலம் கழிந்துவிட்டது. ஆதலால் பெருமளவிற் செய்கை பண்ணுவோர் இனி இவ்விடயத்தைப் பிறருடையது என்று ஒதுக்குதற்கில்லை. ஆனால் அதே சட்டம் நட்டத்தையும் மதிக்கிறது. தொழிலில் ஓராண்டு நேர்ந்த நட்டத்தைப் பின்வரும் ஆறு ஆண்டுகளின் வருமானத்திற் கழிக்க அது இடமளிக்கிறது. 2021இலே இரசாயன உரத்துக்கு விதித்த தடையினால் விளைச்சல் குன்றியது. 2025 நவம்பர் இறுதியிலே தித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் வயல்கள் மூழ்கின. இத்தகைய நட்டங்கள் எம் கமக்காரரின் நெஞ்சிலே எழுதப்பட்டிருக்கின்றன; எந்தக் கோவையிலும் எழுதப்படவில்லை. விபரத்திரட்டு அனுப்பாதவருடைய நட்டத்தைச் சட்டம் அறியாது. அடுத்த போகம் நன்றாய் விளைந்தால் அந்த விளைவை மட்டுமே அது காணும்.

புதிதாய்த் தொடங்குவோருக்குச் சில சொற்கள். தனியொருவர் நடத்தும் தொழிலுக்குப் பெயர்ப் பலகை வேறாயினும், இலக்கம் உரிமையாளருடையதே. கூட்டாகத் தொடங்கினால் பங்காளர் ஒவ்வொருவருடைய இலக்கத்தோடு கூட்டுக்கும் தனியிலக்கம் வேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கம்பனியாகப் பதிந்தால் அது சட்டத்தின் கண்ணில் வேறோர் ஆள்; அதற்கும் தனியிலக்கம் வேண்டும். முன்பு எங்கேனும் உத்தியோகம் பார்த்தவராயின் ஏற்கெனவே உமக்கு இலக்கம் உண்டா என்று பார்த்துக்கொள்க. பதிவுக்குக் கட்டணம் இல்லை. எடுத்துத் தருவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கிற் கேட்கும் தரகரிடம் அடையாள அட்டையின் பிரதியை ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். ஆண்டுக் கணக்கு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். விபரத்திரட்டுக்குரிய கடைசி நாள் நவம்பர் 30. வரி இல்லையாயினும், திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால் அதனை இறப்பிலே செருகிவைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். பதிலளியாத கடிதமே பின்னர் தண்டமாக வளர்கிறது.

அரசாங்கத்துக்கு நாம் கூறுவது

மக்களுக்குக் கூறினோம். இனி ஆட்சியாளரை நோக்கிக் கேட்கிறோம். இந்நாட்டின் வரி வருமானம் 2022இலே தேசிய உற்பத்தியின் நூற்றுக்கு எட்டு வீதத்துக்கும் கீழே வீழ்ந்தது யாரால்? முற்றத்திலே ஒடியல் காயவைக்கும் பெண்ணாலா? 2019 முடிவிலே பெறுமதி சேர் வரியைப் பதினைந்திலிருந்து எட்டாக இறக்கி, பதிவுக்குரிய விற்பனை எல்லையை ஆண்டுக்கு 30 கோடி ரூபாவாக உயர்த்தி, பெரும் வியாபாரிகளை வலையிலிருந்து வெளியே விட்டவர்கள் யார்? 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த மாட்டாமல் நின்றது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி வந்தது. அதனோடு வரி உயர்வுகளும் தொடர்ந்தன. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி பதினெட்டானது. மேல்மாடியில் இருந்தவர் செய்த பிழைக்குக் கீழ்வீட்டுக்காரர் கூரை மேய்ந்து கொடுக்கிறார்.

'வரி கொடாதோர்' என்று சிறு தொழிலாளரைச் சுட்டும் பேச்சையும் நாம் மறுக்கிறோம். சவர்க்காரம் வாங்கும்போதும், இயந்திரத்துக்கு எண்ணெய் வாங்கும்போதும், தொலைபேசிக்குப் பணம் போடும்போதும் அவர் வரி கொடுத்துக்கொண்டேயிருக்கிறார். அவருக்கு இல்லாதது இலக்கமேயன்றி வரியன்று.

ஆகவே நான்கு காரியங்களை நாம் கோருகிறோம்.

முதலாவது, மொழி. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இன் பதினாறாம் திருத்தம் நிருவாகத்திலே தமிழ் வழங்கவேண்டிய இடத்தை வகுத்தது. அரசாங்கத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழிற் பதில் பெறவும் எமக்குள்ள உரிமை சலுகையன்று. நாட்டின் அடிப்படைச் சட்டம். ஆங்கிலக் கடிதமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பிப்பதற்கு ஆள் தேடி அலையும் கடைக்காரர், காலக்கெடு கடந்தபின் தண்டத்துக்கு ஆளாவாராயின் குற்றவாளி அவரா, கடிதம் எழுதியவரா? பதிவு முதல் மேன்முறையீடு வரை யாவும் தமிழில் நடத்தல் வேண்டும். தமிழில் வராத அறிவித்தலுக்குக் காலக்கெடு ஓடுதல் ஆகாது.

இரண்டாவது, இடம். யாழ்ப்பாணத்திலே திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் உண்டு. ஆனால் நெடுந்தீவார் ஒருவர் படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி, பஸ் ஏறி வந்து திரும்புவதற்குள் ஒருநாட் பிழைப்புப் போய்விடுகிறது. துணுக்காயிலிருப்பவருக்கும் அவ்வாறே. மின்வலை வழியே பதியலாம் என்பது படித்த இளைஞருக்கு விடை. அறுபது வயதுக் கமக்காரருக்கு விடையாகாது. வியாபாரப் பெயரைப் பதியும் அதே பிரதேச செயலகத்திலே, அதே மேசையிலே, அதே நாளிலே இலக்கமும் கிடைக்கும்படி செய்தல் வேண்டும். தேசிய அடையாள அட்டையின் இலக்கம் ஏற்கெனவே அரசாங்கத்தின் கையில் உள்ளது. ஒரு திணைக்களம் அறிந்ததை மற்றத் திணைக்களத்துக்கு அறிவிக்கும் தூதனாகக் குடிமகனை அலைக்கழிப்பது எதற்கு?

மூன்றாவது, நிலைபேறு. வியாபாரிக்குரிய வரியற்ற எல்லை 2018இலே 5 இலட்சம். 2020இலே 30 இலட்சம். 2023இலே 12 இலட்சம். 2025இலே 18 இலட்சம். ஏழாண்டுக்குள் நான்கு எல்லைகள்! வேலிக் கதியாலை ஆண்டுக்காண்டு பிடுங்கி வேறிடத்தில் நட்டால் காணிச் சண்டை ஓயுமா? புதிய தொழிலொன்று வேரூன்றும் காலம் முழுவதற்குமேனும் மாறாத எல்லையொன்று இருத்தல் வேண்டும்.

நான்காவது, பொறுமை. புதிதாய்ப் பதிந்த சிறு தொழிலாளர் முதலாண்டிலே அறியாமற் செய்யும் பிழைக்குத் தண்டம் விதியாமல் வழிகாட்டுதல் வேண்டும். கற்பித்தபின்னரே பரீட்சை வைப்பது பள்ளிக்கூடத்தின் முறை. திறைசேரிக்கும் அதுவே முறையாதல் வேண்டும்.

கற்றோர் கடன்

இப்பத்திரிகையை வாசிக்கும் கணக்காளரையும் சட்டத்தரணிகளையும் ஆசிரியரையும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞரையும் நோக்கி ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஊரிலும் சனசமூக நிலையம் உண்டு, வாசிகசாலை உண்டு, கூட்டுறவுச் சங்கத்தின் மண்டபம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே வந்து இரண்டு மணி நேரம் உட்காருங்கள். படிவம் நிரப்பிக் கொடுங்கள். கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்லுங்கள். வரவு செலவுக் கொப்பி எழுதும் முறையைக் காட்டிக் கொடுங்கள். உங்களுடைய இரண்டு மணி நேரம் ஒரு குடும்பத்தைத் தரகரிடமிருந்தும் கந்துவட்டிக்காரரிடமிருந்தும் காக்கும். கமக்காரர் விளைவித்த சோற்றை உண்டு கற்ற கல்விக்கு அதுவே நாம் கட்டும் வரி.

குடாநாட்டுக் கமக்காரருக்கு நாம் கிணற்றைப் பற்றிக் கற்பிக்க வேண்டியதில்லை. இறையாத கிணறு தூர்ந்துபோகும். ஊற்றறியாமல் இறைத்த கிணறு உவர்நீராகும். உவரான கிணற்றிலே மறுபடி நன்னீர் ஊற எத்தனை மாரி பெய்யவேண்டுமென்று இறைத்தவருக்கே தெரியும். நாட்டின் பொதுச் செலவுக்குத் தம் பங்கைக் கொடாமல் ஒளிந்திருப்பது எமக்கு அழகன்று. ஊற்றறியாமல் இறைப்பது அரசாங்கத்துக்கு அழகன்று. எம் தொழிலாளர் அஞ்சாமல் இலக்கத்தைப் பெறட்டும். பெற்றபின் அதனைக் கையிற் கொண்டு, 'நான் கணக்குக் காட்டுகிறேன். நீயும் என் மொழியில் எனக்குக் கணக்குக் காட்டு' என்று நிமிர்ந்து கேட்கட்டும்.